வளைகாப்பு வளையலை உடைத்தது நான்தான்

அன்புள்ள தம்பி,

நீ விமானம் ஏறுவதற்குள் உன் பெரிய அத்தை உனக்குப் போன் போட்டு ஒரு சேதி சொல்லிவிடுவார். ஒருவேளை ஏற்கெனவே சொல்லியும் இருக்கலாம். "நல்ல நாளும் அதுவுமா, பவித்ராவுக்குப் போட்ட வளைகாப்பு வளையலை உங்கம்மாவே உடைச்சுப்புட்டாடா தம்பி" என்று. அவர் சொல்வது அத்தனையும் உண்மை. நான்தான் உடைத்தேன். ஒன்றிரண்டு அல்ல, உன் மனைவியின் இடது கையில் இருந்த எல்லாவற்றையும். நீ வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு நிதானமாகச் சொல்லலாம் என்றிருந்தேன். ஆனால் உன் அத்தையின் வாய் சிங்கப்பூர் விமானத்தைவிட வேகமானது என்பது ஊரறிந்த விஷயம். போனில் சொல்லலாம் என்றால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் எதையோ சொல்ல வந்து வேறெதையோ சொல்லி, கடைசியில் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எழுதினால் நீ வாயை மூடிக்கொண்டு படித்துத்தான் ஆக வேண்டும். எழுதி முடித்ததும் உன் அப்பா பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்புவார். உன் அறையில் தங்கியிருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் இதைப் படிக்கக் கொடு. அவர்களுக்கும் ஊரில் மனைவிமார் இருக்கிறார்கள்.

உனக்கு நாங்கள் என்ன சொல்லியிருக்கிறோம்? "கொஞ்சம் முன்னாடியே பொறந்துடுச்சு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, நீ கவலைப்படாதே." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனிடம் நம் வீட்டில் எப்போதும் இவ்வளவுதான் சொல்வோம். உன் அப்பா வண்டியிலிருந்து விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தபோது, அந்தக் கை கேமராவில் தெரியாதபடி உடம்பைத் திருப்பி உட்கார்ந்துகொண்டு உன்னோடு அரைமணி நேரம் பேசினார். நீயும் லேசுப்பட்டவன் இல்லை. அங்கே உனக்கு டெங்கு வந்துபோனது, நீ ஊருக்கு வந்து இறங்கியபோது சட்டை தொளதொளவென்று தொங்கியதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. நாம் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்திருக்கிறோம்; ஆனால் உடம்புக்கு என்ன என்று மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள மாட்டோம். பவித்ராவும் இந்த வீட்டுக்கு வந்து அந்தப் பழக்கத்தைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள்.

முதல் குழந்தை ஆறாம் மாதத்தில் தங்காமல் போனது உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போது அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. கடைசிவரை நமக்கு அது தெரியவில்லை. தலைவலி என்றாள், தைலம் தேய்த்துவிட்டோம். அதனால் இந்த முறை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்தவுடனேயே நம் ஊர் நர்ஸ் எஸ்தர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். "இவங்க ஆபத்து அதிகம் உள்ள கர்ப்பிணிம்மா. காப்பீட்டு அட்டை இருக்குல்ல? இந்த மாதிரி இருக்குறவங்களை வீட்டுலயே வெச்சு, எல்லாரும் சேர்ந்து பார்த்துக்குற ஏற்பாடு இப்ப வந்திருக்கு. பிரசவம் ஆகி ஆறு வாரம் வரைக்கும் பொறுப்பு எங்களோடது" என்றார். இதைக் கேட்டுவிட்டு நீ போனில் எகிறிக் குதித்தாய். "சும்மா வர்றது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. தஞ்சாவூர்ல நல்ல பிரைவேட்டாப் பார்த்துக் காட்டுங்க, நான் அனுப்புறேன்" என்றாய். உண்மையைச் சொன்னால், மனசுக்குள் நானும் உன் கட்சிதான். உன் சொல்லுக்காக ஒருமுறை போகவும் செய்தோம். அங்கிருந்த டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீட்டுக்கே வந்து பார்க்குறாங்கன்னா அதை விட்டுடாதீங்க. பிரஷர் இருக்குற பொண்ணு இவ்வளவு தூரம் பஸ்ல குலுங்கிக்கிட்டு வர்றதைவிட அது எவ்வளவோ மேல்" என்று சொல்லி அனுப்பினார். நான் இதை உன்னிடம் சொன்னபோது, "சரி, பாருங்க" என்று இழுத்தாய். சரி, அரை மனசு என்று எடுத்துக்கொண்டேன்.

எஸ்தர் வாரம் தவறாமல் வந்தார். ஸ்கூட்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றும்போதே கேள்விகளை ஆரம்பித்துவிடுவார். உள்ளே வந்து உட்காருவதற்குள் பாதி விசாரணை முடிந்திருக்கும். பிரஷர் பார்க்கிற மெஷின் ஒன்றை நம் வீட்டிலேயே கொடுத்து வைத்திருந்தார்கள். காலையும் மாலையும் பார்த்து, தஞ்சாவூரிலிருந்து போனில் கூப்பிடுகிற ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டும். ரத்தம் எடுக்க ஆள் வாசலுக்கு வந்தது. ஸ்கேன் எடுக்கிற நாளில் வண்டி வாசலுக்கு வந்தது. நம் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் மாத்திரையை மாற்றினால், மெடிக்கல் காலேஜில் இருக்கிற டாக்டரம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அந்த டாக்டரம்மா எஸ்தரின் போனில் முகம் காட்டி, "என்ன பவித்ரா, மூச்சு வாங்குதா? கால் வீக்கத்தைக் காட்டு பார்க்கலாம்" என்று பக்கத்து வீட்டு அக்காவைப் போலப் பேசுவார். நாம் கடைமடைக்காரர்கள். ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டதாக எத்தனை முறை செய்தியில் கேட்டிருக்கிறோம், வயலுக்கு வந்து சேர்ந்ததைப் பார்த்தால்தானே நம்புவோம்? அப்படிப்பட்ட எனக்கே இது வந்து சேர்ந்துவிட்டது என்று மெல்ல மெல்ல நம்பிக்கை வந்தது.

ஆனால் ஆரம்பத்தில் எனக்கு இவர்கள்மேல் ஒரே எரிச்சல். ஒருநாள் அந்தத் தஞ்சாவூர்ப் பெண் போனில், "பவித்ரா மதியம் படுத்து ரெஸ்ட் எடுக்குறாங்களாம்மா?" என்று கேட்டாள். மருமகளை நான் வேலை வாங்குவதாக நினைத்துவிடப் போகிறாளே என்று, "நல்லாத் தூங்குறாளே" என்றேன். அவள் விடவில்லை. "இல்லையே, எஸ்தர் சிஸ்டர்கிட்ட, படுக்கவே மாட்டேங்குறா, துணி மடிக்குறா, பாத்திரம் தேய்க்குறான்னு சொல்லியிருக்கீங்களேம்மா. இதுல எதை நான் எடுத்துக்கட்டும்?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த முறை எஸ்தர் வந்தபோது, "என்னம்மா இது, உங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா தஞ்சாவூர் வரைக்கும் போகுது? கோள் சொல்றதுக்குன்னே ஆள் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேவிட்டேன். எஸ்தர் சிரித்து, "ஆமாம்மா, அதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளமே. எங்கள்ல யார்கிட்டச் சொன்னாலும் எல்லார்கிட்டயும் சொன்ன மாதிரி. இவங்க விஷயத்துல எங்களுக்குள்ள ரகசியமே கிடையாது" என்றார். எனக்குச் சட்டென்று நம் வீடு ஞாபகம் வந்தது. உன் அப்பாவின் கட்டுப் போட்ட கை ஞாபகம் வந்தது. அன்றைக்கு எஸ்தருக்கு டீயோடு இரண்டு முறுக்கு சேர்த்து வைத்தேன்.

பிறகு வந்தது பெரிய சிக்கல். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். முதல் குழந்தை தங்காததால் இதுதான் தலைப்பிரசவம் என்று இரண்டு வீட்டிலும் முடிவு செய்திருந்தார்கள். ஏழாம் மாதத்தில் வளைகாப்புப் போட்டு, நாகப்பட்டினம் பக்கம் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டியது. எஸ்தரிடம் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. "அங்கேயும் நர்ஸ் இருக்காங்க, ஆஸ்பத்திரி இருக்கு, நான் இல்லேங்கல. ஆனா இவங்களைப் பத்தித் தெரிஞ்ச எல்லாரும் இந்தப் பக்கம் இருக்கோம். இந்தக் கடைசி நேரத்துல இடம் மாத்துனா, புதுசா ஒருத்தங்க முதல்லேருந்து தெரிஞ்சுக்கணும். தெரிஞ்சுக்குறதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். இதைச் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? 'பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்கிறாள் மாமியார்' என்றுதான் ஊர் பேசும். உன் அப்பா வழக்கம்போல மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டார். நான்தான் போனை எடுத்தேன். எஸ்தர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். சம்பந்தி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்க வீட்டுல எனக்குப் படுக்க இடம் இருக்குமா சம்பந்தி?"

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் அம்மாக்காரி வந்து மாதக்கணக்கில் தங்குவது நம் பக்கம் எங்காவது உண்டா? கை நனைக்கவே யோசிப்பார்கள். அந்த அம்மாள் இரண்டு பையோடும் ஒரு கருவாட்டுப் பொட்டலத்தோடும் பஸ்ஸிலிருந்து வந்து இறங்கினார். தெருவே பார்த்தது. உன் பெரிய அத்தை, "என்ன, சம்பந்தி வீட்டோட வந்துட்டாங்களா?" என்று என் காதில் விழும்படியாகவே கேட்டார். "ஆமா, நான்தான் கூப்பிட்டேன்" என்றேன். கூப்பிடவில்லை, அவராகத்தான் வந்தார். ஆனால் அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் வேண்டியிருந்தது. ஒரே அடுப்பங்கரையில் இரண்டு பேர் என்றால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். புளிக்குழம்புக்கு அவர் வெல்லம் போடுவார், எனக்கு அது ஆகாது. எஸ்தர் ஊறுகாயையும் கருவாட்டையும் பவித்ரா பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று சொன்ன அன்றைக்கு நான் வெற்றிச் சிரிப்புச் சிரித்தேன். அதே நாளில் என் அப்பளத்துக்கும் தடை வந்தபோது அவர் சிரித்தார். பிரஷர் மெஷினை முதலில் கற்றுக்கொண்டது அவர்தான். எனக்கு அந்தப் பட்டை எப்போதும் திருகிக்கொள்ளும். அவர் பட்டையைச் சுற்றுவார், நான் எண்ணை வாசிப்பேன், பவித்ரா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். இப்படியே நாட்கள் போயின, அழுத்தமும் மாத்திரைக்குக் கட்டுப்பட்டே இருந்தது.

டாக்டரம்மா கூட்டம் வேண்டாம் என்றதால் ஏழாம் மாதத்து வளைகாப்பை ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளினோம். அதுவும் நம் வீட்டிலேயே, நெருங்கிய உறவுக்காரர்களோடு மட்டும். நீ வீடியோவில் பார்த்தாய், பட்டுப்புடவையும் பூவுமாக அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை. "அம்மா, செமையா இருக்காம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாய். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். "முகம் எப்படிப் பூரிச்சுப் போச்சு பாரு, கன்னமெல்லாம் பளபளங்குது" என்றார் ஒருவர். வாங்கி வைத்திருந்த வளையல் கையில் ஏறவில்லை, சோப்பு போட்டு ஏற்றினார்கள். "ரெண்டு சமையக்காரிங்க சேர்ந்து ஊட்டுனா கை பெருக்காம என்ன செய்யும்?" என்று உன் அத்தை சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும் சம்பந்தியும் பெருமையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தம்பி, அது பூரிப்பு இல்லை, வீக்கம். இரண்டே நாளில் முகத்திலும் கையிலும் ஏறிய நீர். விசேஷ வேலையில் அன்றைக்குக் காலையில் மெஷினை எடுக்கவே இல்லை. அந்தக் கூடம் முழுக்கப் பிள்ளை பெற்ற பெண்கள். ஒருத்திக்கும் அது தெரியவில்லை. எதையும் நல்லதாகவே பார்க்கக் கண்ணைப் பழக்கி வைத்திருக்கிறோம்.

தெரிந்தது அவளுக்குத்தான். காலையிலிருந்தே தலைவலி. நல்ல நாளில் சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள், நம் வீட்டுப் பழக்கம். ஆனால் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது, யாரோ குங்குமச் சிமிழை நீட்டும்போது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "அத்தை, எனக்குத் தலை ரொம்ப வலிக்குது. கண்ணு முன்னாடி பூச்சி பூச்சியாப் பறக்குது. இந்த மாதிரி வந்தா உடனே சொல்லச் சொல்லியிருக்காங்க. இப்பவே போன் போடுங்க." உன் அத்தை, "ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கம்மா, ஆரத்தி எடுக்காம எந்திரிக்கக் கூடாது" என்றார். அவர் கெட்ட மனசில் சொல்லவில்லை, பயத்தில்தான் சொன்னார். பவித்ரா என்னையே பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தி தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆரத்தியை வண்டிக்கு எடுத்துக்கலாம். நீ எந்திரிம்மா" என்றார். தம்பி, உன் மனைவி பேசாமல் இருந்தே பழகிய பெண். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கு எதிரே குரல் உயர்த்தி அவள் பேசியதில்லை. அத்தனை பேர் நடுவில், தனக்காக நடக்கிற விசேஷத்தைத் தானே நிறுத்துவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பார். அந்த ஒரு வார்த்தையை அவள் விழுங்கியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். இல்லை, இருந்தே இருக்காது.

உள்ளே படுக்கவைத்து சம்பந்தி பட்டையைச் சுற்றினார். எண் எப்போதையும்விட மிக அதிகமாக இருந்தது. தஞ்சாவூர்ப் பெண்ணுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். நான் எண்ணைச் சொன்னேன், பூச்சி பறக்கிறது என்றேன். எப்போதும் வளவளவென்று கேட்கிற பெண், அன்றைக்கு, "இடது பக்கமாப் படுக்க வைங்கம்மா. போனை வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் அவள் இன்னொரு போனில் வண்டிக்குச் சொல்வது எனக்குக் கேட்டது. டாக்டரம்மாவுக்குச் சொல்வது கேட்டது. "ஆமா மேடம், அதே பவித்ராதான், போன தடவை ஆறாம் மாசம்" என்று முழுக் கதையையும் நான்கு வார்த்தையில் சொல்லி முடித்தாள். நான் எரிச்சல்பட்ட அந்தக் கோள் சொல்லும் வேலையைத்தான் சொல்கிறேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி தயாராகிவிட்டது. முதலில் அங்கே நிறுத்தி மருந்து ஏற்றிவிட்டுத்தான் தஞ்சாவூர் போக வேண்டும் என்று டாக்டரம்மாவின் உத்தரவு. டாக்டரும் எஸ்தரும் வாசல் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். எஸ்தரும் பட்டுப்புடவைதான். நம் வீட்டு வளைகாப்புக்கு வருவதற்காகக் கட்டியது.

இப்போதுதான் வளையல். மருந்து ஏற்றக் கையில் ஊசி குத்த வேண்டும். புறங்கை வீங்கிப்போய் நரம்பே கிடைக்கவில்லை. வலது கையில் பிரஷர் பட்டை. இடது முன்கையில் பார்க்கலாம் என்றால் மணிக்கட்டிலிருந்து நெருக்கமாகக் கண்ணாடி வளையல்கள், கழற்றிப் பார்த்தார்கள், வரவில்லை. சோப்புக்கும் அசையவில்லை. டாக்டர் எஸ்தரைப் பார்த்தார். எஸ்தர் என்னைப் பார்த்தார். "எங்களுக்கு இந்த வழக்கம் இல்லைம்மா. ஆனா உங்களுக்கு இருக்கும்ல. உங்க மகன் அங்க இருக்காரு. உடைக்கட்டுமான்னு நான் எப்படி உங்ககிட்டக் கேப்பேன்?" என்றார். நமக்குத் தெரியாதா, சுமங்கலி கையில் வளையலை உடைப்பது எதற்கு என்று? அதுவும் போட்ட கை ஈரம் காயாத வளைகாப்பு வளையல். சம்பந்தி மகளின் தலைமாட்டில் நின்றார். அவர் மகளுக்காக, என் மகன் பெயரில் போட்டதை உடைக்கச் சொல்லி அவரால் எப்படிக் கேட்க முடியும்? அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை. எனக்கு அந்த நேரத்தில் உன் முகம்தான் வந்தது. நீ கட்டடத்தில் எவ்வளவு உயரத்தில் நின்று வேலை செய்கிறாய் என்று ஒருமுறை பெருமையாகப் படம் அனுப்பினாயே, அந்தப் படம் வந்தது. நான் பயந்தது உண்மை. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் படுத்திருந்தவள் முகத்தையும் பார்த்தேன். "அவன் அங்க நல்லாத்தான் இருப்பான். முதல்ல இவ பொழைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, என் முந்தானையை அவள் தோலுக்கும் வளையலுக்கும் நடுவில் செருகி, அங்கிருந்த கத்தரிக்கோல் பிடியால் நானே தட்டினேன். வேறு யார் தட்டினாலும் நாளைக்கு அவர்கள்மேல் பேச்சு வரும். சம்பந்தி அவள் கையை அசையாமல் பிடித்துக்கொண்டார். கடைசி வளையல் உடைந்ததும் எஸ்தருக்கு நரம்பு கிடைத்தது.

அன்றைக்குச் சாயங்காலம் உனக்குப் போன் போட்டேன், நினைவிருக்கிறதா? "சாப்பிட்டியா? மேலே ஏறும்போது பெல்ட் போட்டுக்குறியா?" என்று கேட்டேன். "என்னம்மா திடீர்னு?" என்றாய். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். உன் குரல் கேட்டதற்கு அழுதேன். பிழைத்துக்கொண்டவளை நினைத்தும் அழுதேன். ஆமாம், அதற்குள் பிரசவம் ஆகிவிட்டிருந்தது. மெடிக்கல் காலேஜ் வாசலில் வண்டி நின்றபோது ஒரு நர்ஸ் ஓடிவந்து, "பவித்ராதானே? வாங்க, உங்களுக்காகத்தான் நிக்கிறோம்" என்றார். அத்தனை ஆயிரம் பேர் வந்து போகிற இடத்தில் நம் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உன் அப்பா அட்டையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். "அது முன்னாடியே பதிஞ்சாச்சு ஐயா, நீங்க உட்காருங்க" என்று சொல்லிவிட்டார்கள். வயல் வரப்பில் கம்பீரமாக நிற்கிற மனிதர், அங்கே நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து டாக்டரம்மா வந்தார். போன் திரையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். "பொண்ணு. எடை கொஞ்சம் குறைவு, நாங்க பார்த்துக்குறோம். அம்மா இப்போதைக்குப் பரவாயில்லை. இன்னும் தாமதமாகியிருந்தா வலிப்பு வந்திருக்கும். வந்திருந்தா நான் எதையும் உறுதியாச் சொல்லியிருக்க முடியாதும்மா. அந்தப் பொண்ணு வாயைத் திறந்து சொன்னா பாருங்க, அதுலேருந்து ஆரம்பிச்சுது எல்லாம்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

குழந்தை அங்கேயே சில நாள் இருந்து, பால் குடிக்கக் கற்றுக்கொண்டு, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். மூக்கு உன்னுடையது, பிடிவாதம் யாருடையது என்று சொல்ல மாட்டேன். எஸ்தர் இன்னும் வருகிறார். "பிள்ளை பொறந்துட்டா ஆபத்து போயிடுச்சுன்னு நினைச்சுடாதீங்கம்மா. பிரஷர் இன்னும் இறங்கல. ஆறு வாரம் தாண்டட்டும்" என்கிறார். தஞ்சாவூர்ப் பெண் இன்னும் போன் போடுகிறாள். நானும் இப்போது உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சம்பந்தி இன்னும் இங்கேதான் இருக்கிறார். அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டால் புளிக்குழம்பை யாரிடம் குறை சொல்வது என்று எனக்கு இப்போதே கவலையாக இருக்கிறது. இதை அவரிடம் சொல்லிவிடாதே.

உனக்கு அறிவுரை சொல்கிற வயது எனக்கு வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை, ஆனாலும் இரண்டு விஷயம் சொல்வேன். இதையெல்லாம் சும்மா வருகிறது என்று இனி நீ சொல்லாதே. யாரோ வேலை பார்த்ததால் வந்தது, நாமும் ஊரும் சேர்ந்து வரி கட்டுவதால் வந்தது. அந்தப் பெண்கள் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்குவதால் வந்தது. இரண்டாவது, குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் போகிற போக்கில், "அடுத்தது பையனாப் பெத்துக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பவித்ரா சிரித்து வைக்கிறாள். நீ வந்த பிறகு அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நீ. எனக்குக் கேட்கும்படியாகச் சொல். அடுத்தது வேண்டுமா, எப்போது என்பதையெல்லாம் அவளும் டாக்டரம்மாவும் பேசட்டும். நாம் கூப்பிட்டால் போகலாம்.

வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் நேராகத் தொட்டிலுக்குத்தான் போகிறார்கள். நானும் அப்படித்தான், எழுந்ததும் கால் அங்கேதான் போகிறது. மடி மாற்றி மடி குழந்தையைக் கொஞ்சிவிட்டு, காபி குடித்துவிட்டு, கிளம்பும்போது அறை வாசலில் நின்று, "நல்லா இருக்கியாம்மா?" என்று அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவளும் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுகிறாள். நீ இத்தனை நாள் போனில் மட்டும் பார்த்த மகளைத் தூக்க எப்படித் துடித்துக்கொண்டு வருவாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் பையை வாசலில் போட்டுவிட்டு நீ முதலில் போக வேண்டியது அறைக்குள். கதவைச் சாத்திக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார். எப்படி இருக்கிறாய் என்று கேள். நல்லா இருக்கேன் என்பாள். மறுபடியும் கேள். அவள் உண்மையைச் சொல்லி முடிக்கிறவரை எழுந்து வராதே. குழந்தை எங்கும் போய்விட மாட்டாள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். போய்விடப் பார்த்தவள் உள்ளே இருக்கிறாள்.

அவளுக்கும் குழந்தைக்கும் அடுத்ததாக, மூன்றாவது ஆளாக உன்னைப் பார்க்கச் சம்மதித்துக் காத்திருக்கும்,
உன் அம்மா